மாத்தளை மிளகும் விலகல் சட்டமூலமும்

இலங்கை மிளகு ஆண்டுக்கு 2,500 மெட்ரிக் தொன் வரை தீர்வையின்றி இந்தியாவுக்குள் போகலாம். 1998 டிசெம்பரில் கைச்சாத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை தந்த வழி அது. மாத்தளை, கண்டிப் பக்கம் மிளகுக்கொடி வைத்திருக்கும் குடும்பங்களின் வருமானத்தில் அதற்கும் பங்குண்டு. இப்படியான ஓர் உடன்படிக்கையிலிருந்து வெளியேறப் பாராளுமன்றத்தில் சட்டமூலம் நிறைவேறினால் போதுமா?

போதாது. நம் பாராளுமன்றத்தின் சட்டம் மற்ற நாட்டைக் கட்டுப்படுத்தாது. உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கும் விலகல் பிரிவின்படி மற்ற நாட்டுக்கு எழுத்துமூல அறிவித்தல் போய், அதற்கான அவகாசம் முடிய வேண்டும். இந்திய–இலங்கை உடன்படிக்கைக்கு அந்த அவகாசம் ஆறு மாதம். உலக வர்த்தக அமைப்பிலிருந்து விலகவும் அதே ஆறு மாதம்தான். அதுவரை பழைய கடமைகள் அப்படியே இருக்கும். இடையில் தீர்வையை உயர்த்தினால் அது உடன்படிக்கை மீறல்.

அப்படியானால் சட்டமூலம் எதற்கு? அந்தக் கடிதத்தை அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி நாட்டுக்குள் எழுவதால்தான். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம், உலக வர்த்தக அமைப்பிலிருந்து விலகுவது பற்றி ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்கெடுக்கக் காங்கிரஸுக்கு வழி வைத்தது. 2000இல் பிரதிநிதிகள் சபையில் 56க்கு 363, 2005இல் 86க்கு 338 என்று இரு முறையும் அந்தப் பிரேரணை தோற்றது. பிரித்தானியாவில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விலகல் அறிவித்தல் கொடுக்கப் பாராளுமன்றச் சட்டம் வேண்டும் என்று 2017இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

இலங்கையில் இத்தகைய உடன்படிக்கைகளில் அரசாங்கமே கையெழுத்திடுகிறது. தீர்வைச் சலுகை வர்த்தமானி மூலம் வருகிறது. விலகலும் பொதுவாக அதே வழியில், முன்கூட்டிய விவாதமில்லாமலே தொடங்கிவிட முடியும். இது சரியில்லை என்றே நினைக்கிறேன். நட்ட மிளகுக்கொடி நன்றாகக் காய்க்க மூன்று வருடமாவது ஆகும். உடன்படிக்கை முடிய ஆறு மாதம் போதும். மலையகப் பிரதிநிதிகள் பேச வேண்டிய நேரம் கடிதம் போவதற்கு முன்புதான்.

விலகிய மறுநாள் என்ன நடக்கும் என்பதும் வேறு உடன்படிக்கைகளைப் பொறுத்தது. மிளகுக்கு இந்தியாவின் பொதுத் தீர்வை 70 வீதம். ஆனால் தெற்காசிய சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் கீழ் இலங்கை மிளகுக்கு அது 8 வீதம். அதனால் ஒன்றிலிருந்து மட்டும் விலகினால் மிளகு நேரே 70க்குப் போய் நிற்காது. இரண்டையும் விட்டால் நிற்கும்.