மலைக்கு எந்த லென்ஸ்? ரேஞ்ச்ஃபைண்டர் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன்

நீலகிரியில் ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமரா (லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து, இரட்டை உருவத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்வது) வைத்திருப்பவர்கள் இரண்டாவது லென்ஸ் தேடும்போது முதலில் கேட்பது, "மலைக்கு வைடுதானே வேண்டும்?" என்று, அதாவது அகலமாகப் பிடிக்கும் லென்ஸ். அடுத்து, "f/1.4 கிடைக்குமா?" என்று, அதாவது நிறைய ஒளியை உள்ளே விடும் வேக லென்ஸ். இரண்டு கேள்வியுமே பணத்தைத் தவறான இடத்தில் போட வைக்கும். என் கேமராவின் வியூஃபைண்டர் எந்தெந்த லென்ஸுக்குப் படத்தின் எல்லைக் கோடு காட்டும்? அதன் ஃபோகஸ் அமைப்பு எவ்வளவு நுணுக்கம் தாங்கும்? வாங்கப்போகும் லென்ஸுக்குள் பூசணம் இருக்கிறதா? முதலில் கேட்க வேண்டியவை இவைதான்.

அதற்கும் முன்னால், கையில் இருக்கும் கேமராவைப் பாருங்கள். பல வீட்டு அலமாரிகளில் இருக்கும் யாஷிகா எலெக்ட்ரோ 35, கேனனட், மினோல்டா ஹை-மேட்டிக் வகைகளில் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. எலெக்ட்ரோவுக்கு முன்னால் திருகிக்கொள்ளும் வைடு, டெலி துணை லென்ஸ்கள் உண்டு. அவை 45 மி.மீ. லென்ஸைச் சுமார் 38 ஆகவும் 58 ஆகவும் மாற்றும். அந்தச் சிறு வித்தியாசத்துக்கு நாலு அடி முன்னே பின்னே நடப்பதே மேல். கீழே எழுதுவது லைக்கா எம், பெஸ்ஸா, கேனன் பி, கேனன் 7, ஃபெட், ஜோர்க்கி போன்ற லென்ஸ் மாற்றும் கேமராக்களுக்கு.

மலையும் வைடும்

தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஊட்டி நகரம் சுமார் 2,240 மீட்டர். நகரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சிகரம் ஏறக்குறைய 400 மீட்டர் எழுந்து நிற்கிறது. நான்கு கிலோமீட்டர் தள்ளி நின்று எடுத்தால், 24 மி.மீ. உயரமுள்ள ஃபிலிம் சட்டத்தில் 28 மி.மீ. லென்ஸ் அதை 2.8 மி.மீ. உயரத்துக்குத்தான் பதிக்கும். 50 மி.மீ. லென்ஸில் 5 மி.மீ., 90 மி.மீ. லென்ஸில் 9 மி.மீ. கண்ணெதிரே ஆளை அழுத்துகிற மலை, வைடு லென்ஸில் ஒரு வயல் வரப்பாகச் சுருங்கிவிடும். மேலே வெறும் வானம், கீழே வெறும் சாலை. கேத்தி பள்ளத்தாக்கின் அடுக்குத் தோட்டங்கள், தேயிலை வரிசைகளின் வளைவு, பனியில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிப்போகும் முகடுகள் எல்லாம் 75 அல்லது 90 மி.மீ. லென்ஸுக்கான வேலை.

வைடு வேண்டியது மலைக்கு அல்ல, மலையில் வாழ்கிற மனிதர்களுக்கு. தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டின் முன்னறை, மார்க்கெட் சந்து, மலை ரயிலின் பெட்டி என்று பின்னால் நகர இடமில்லாத இடங்கள் இங்கே நிறைய. மூன்று மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 2.2 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும், 35 மி.மீ. 3.1 மீட்டரைப் பிடிக்கும். சமைப்பவரோடு அடுப்பும் கதவும் சட்டத்துக்குள் வருவது அந்த 90 செ.மீ. வித்தியாசத்தில்தான். 28 மி.மீ. 3.9 மீட்டர் பிடிக்கும். ஆனால் ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபடும். மேலும், பல கேமராக்களில் 28-க்குக் கோடே கிடையாது.

எனவே ஏற்கெனவே 50 வைத்திருப்பவர் ஆட்களை எடுப்பவரானால் 35 மி.மீ. f/2.5 அல்லது f/2.8, நிலத்தை எடுப்பவரானால் 90 மி.மீ. f/4. 50-க்குத் துணையாக 40 வாங்க வேண்டாம், வித்தியாசம் போதாது. 35 மட்டும் வைத்திருப்பவருக்கு 75 அல்லது 90 சரியான ஜோடி.

கறுப்பு வெள்ளை எடுப்பவர்கள் 90-க்கு ஒரு மஞ்சள் ஃபில்டரும் சேர்த்து வாங்குங்கள். ஒரு ஸ்டாப், அதாவது பாதி ஒளி குறையும். தெளிந்த நாளில் தூரத்து மலைமேல் படியும் நீல மங்கலை அது குறைக்கும். மூடுபனியை ஒன்றும் செய்யாது. நீல மங்கல் மிக நுண்ணிய துகள்களால் வருவது, அவை நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கும். மூடுபனியின் நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். ஃபில்டரைப் போட்டுவிட்டு மூடுபனி விலகவில்லையே என்று லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம்.

வியூஃபைண்டர் என்ன சொல்கிறது

ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை. ஃபைண்டரில் தெரியும் கோடுதான் எல்லை. லைக்கா எம்3-இல் 50, 90, 135-க்கு மட்டும் கோடு உண்டு. அதில் 35 போட்டால் தனியாக ஒரு ஃபைண்டரை மேலே செருக வேண்டும். எம்2-இல் 35, 50, 90. கேனன் பி-யில் 35, 50, 100. பெஸ்ஸா ஆர்4 வகைகள் வைடுக்கென்றே செய்தவை, 50-க்கு மேல் கோடு கிடையாது. கண்ணாடி அணிபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கேனன் பி போல முழு உருப்பெருக்கம் உள்ள ஃபைண்டரில் 35-இன் கோடு ஓரத்தோடு ஒட்டி இருக்கும். மூக்குக் கண்ணாடியோடு அதை முழுதாகப் பார்க்க முடியாது.

அடுத்தது ஃபோகஸ். கேமராவின் முகப்பில் உள்ள இரு ஜன்னல்களுக்கு இடையே உள்ள தூரத்தை (அடித்தளம்) ஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் கிடைப்பதே அந்தக் கேமராவின் ஃபோகஸ் நுணுக்கம். லைக்கா எம்3-இல் 68.5 × 0.91, சுமார் 62 மி.மீ. எம்6-இல் சுமார் 50 மி.மீ. கேனன் பி-யில் 41. பெஸ்ஸா ஆர்2ஏ-யில் 37 × 0.7, சுமார் 26. லைக்கா சி.எல்.-இல் 31.5 × 0.6, வெறும் 19. அந்த சி.எல்.-க்கென்று லைக்கா செய்த 90 மி.மீ. லென்ஸ் f/4 மட்டுமே என்பதை வைத்து மீதியைப் புரிந்துகொள்ளலாம். ஒரு மீட்டர் தூரத்தில் 90 மி.மீ. f/2 லென்ஸை முழுதாகத் திறந்தால் கூர்மையாக இருப்பது ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. ஆழம். 50 மி.மீ. f/1.4-இல் சுமார் மூன்று செ.மீ. குட்டை அடித்தளம் உள்ள கேமராவில் ஆளின் கண்ணில் விழ வேண்டிய கூர்மை காதில் விழும்.

வெளிச்சம் குறைவு என்பதற்காக வேக லென்ஸ் தேடுபவர்கள், ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமில் f/2.8, 1/30 நொடி என்ற கணக்கை முதலில் முயன்று பாருங்கள். எஸ்.எல்.ஆர். (லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமரா) போல உள்ளே எழும்பித் தட்டும் கண்ணாடியின் அதிர்வு இல்லாததால் கைபழகியவர்கள் 1/15 வரை இறங்கலாம். சோலைக்காட்டு நிழலில் பெரும்பாலும் இது போதும். வேக லென்ஸ்கள் தடிமனானவை. ஃபைண்டரின் கீழ்மூலையையும் மறைக்கும்.

மவுண்டில் ஏமாறுவது

திருகு மவுண்ட் (திருகி மாட்டும்) லென்ஸை லைக்கா எம் கேமராவின் உடம்பில் போட ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள அடாப்டர் வேண்டும். அது மூன்று வகையில் வருகிறது: 28/90, 35/135, 50/75. எந்தக் கோடு எழ வேண்டும் என்பதை அடாப்டரின் காது நீளம் முடிவுசெய்கிறது. 90 லென்ஸுக்கு 50/75 அடாப்டர் வாங்கினால் படம் சரியாக விழும், ஃபைண்டர் தவறாகக் காட்டும். மலிவு அடாப்டர்களில் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பிசகினாலே தூரத்துக் காட்சி மங்கும்.

இதைவிடப் பெரிய பொறி 39 மி.மீ. திருகுள்ள ஜெனித் லென்ஸ்கள். ஜெனித் என்பது எஸ்.எல்.ஆர். அதன் லென்ஸ் ஃபிலிமிலிருந்து 45.2 மி.மீ. தள்ளி இருக்க வேண்டியது. ரேஞ்ச்ஃபைண்டரில் அந்த இடைவெளி 28.8 மி.மீ. ஏறக்குறைய அதே திருகு, உள்ளே போய்விடும், ஆனால் எந்தத் தூரத்துக்கும் ஃபோகஸ் ஆகாது. இண்டஸ்டார்-50, ஜூப்பிட்டர்-9 என்ற சோவியத் லென்ஸ்கள் இரண்டும் இருவகையிலும் செய்யப்பட்டவை. பின்புறப் படம் கேளுங்கள். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது முன்னும் பின்னும் நகர்ந்து கேமராவுக்குள் உள்ள ஃபோகஸ் கையைத் தள்ளுகிற உலோக விளிம்பு அங்கே தெரிய வேண்டும். இல்லையென்றால் அது உங்களுக்கு உரியதல்ல.

சரியான வகை ஜூப்பிட்டரும் லைக்கா, ஜப்பானிய உடம்புகளில் ஃபோகஸ் தூரத்தில் சரியாகவும் கிட்டத்தில் தவறாகவும் விழலாம். 35 மி.மீ. f/2.8 ஜூப்பிட்டர்-12-இல் அந்தப் பிழை கூர்மையின் ஆழத்தில் மறைந்துவிடும். 85 மி.மீ. f/2 ஜூப்பிட்டர்-9-இல் மறையாது. ஜூப்பிட்டர்-12-இன் பின்கண்ணாடி உடம்புக்குள் மிக ஆழமாக நீளும். ஷட்டருக்கு முன்னால் ஒளியளக்கும் மீட்டர் கை உள்ள கேமராக்களில் அதைத் திருகவே வேண்டாம்.

பூசணம்

கூடலூர், தேவாலா பக்கம் ஜூன், ஜூலை மழை. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர். வெயில் முகம் காணாத அந்த வாரங்களில் பீரோத் துணியில் பூக்கிற அதே பூசணம்தான் லென்ஸிலும் பூக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் இருட்டு அதற்குப் போதும். வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. அது சுரக்கும் அமிலம் முதலில் கண்ணாடியின் பூச்சை அரிக்கும், பிறகு கண்ணாடியையே அரிக்கும். அரித்த தடம் துடைத்தாலும் போகாது.

பார்க்கும் முறை: அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, டார்ச்சைப் பின்புறம் நேராக அல்லாமல் சாய்த்துப் பிடித்து, முன்புறமிருந்து பாருங்கள். பிறகு திருப்பிப் பிடித்துப் பாருங்கள். வேர்போலக் கிளைவிடும் நூல்கள் பூசணம். கண்ணாடி முழுவதும் மெல்லிய பால்நிறப் படலம் என்றால் பழைய கிரீஸின் ஆவி படிந்தது. பெரும்பாலும் சுத்தம் செய்துவிடலாம். ஓரத்திலிருந்து வானவில் நிற வளையம் உள்ளே வந்தால் ஒட்டிய இரு கண்ணாடிகள் பிரிகின்றன, அதை வாங்காதீர்கள். ஒட்டிய கண்ணாடிகளுக்கு இடையே பூசணம் நுழைந்ததையும் வாங்காதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் இதே டார்ச் படத்தைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

மலையில் மட்டும் நடக்கும் ஒரு குழப்பம் உண்டு. படம் சப்பென்று வந்தால் பழி மூடுபனிமேல் விழுகிறது; லென்ஸுக்குள் இருக்கும் படலம் பல வருடம் தப்பித்துவிடுகிறது. தெளிந்த ஜனவரிக் காலையில், வெளிச்சமான வானத்தின் கீழ் இருண்ட வாசலொன்றை எடுங்கள். நெகட்டிவில் அந்த வாசல் ஏறக்குறைய வெறும் ஃபிலிமாகத் தெளிவாக இருக்க வேண்டும். அங்கே சாம்பல் படிந்திருந்தால் மங்கல் லென்ஸில்தான்.

வீட்டில் லென்ஸைப் பிரிக்காதீர்கள். ஃபோகஸ் வளையத்தின் மரை பல தொடக்கம் உள்ளது. எந்த இடத்தில் விடுபட்டது என்று குறிக்காமல் கழற்றினால் திரும்ப மாட்டும்போது தூர ஃபோகஸ் போய்விடும்.

வைக்கும் இடம்: மூடி இறுகும் பத்து லிட்டர் டப்பா, உள்ளே ஈரப்பத மீட்டர், கால் கிலோ சிலிக்கா ஜெல். 40 முதல் 50 சதவீதம் வரை நிற்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் கிரீஸும் ஒட்டும் பசையும் உலரும். நீல ஜெல் ஈரமானால் இளஞ்சிவப்பாகும், அதில் கோபால்ட் இருப்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. நிறம் மாறியதும் தனிப் பாத்திரத்தில், மின்அடுப்பு ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காய வைக்கலாம். அலமாரியில் பல்பு எரியவிடும் பழைய முறையும் வேலை செய்யும், ஆனால் பழைய இழை பல்பு வேண்டும், எல்.இ.டி.-யின் சூடு போதாது. தோல் உறையை டப்பாவுக்குள் வைக்கவே கூடாது. ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் தோல், பூசணத்துக்கு வீடு.

வாங்கிய அன்று

தூரத்து முகட்டில் ஒரு மரத்தைப் பிடித்து, வளையம் கடைசியில் நிற்கும்போது இரட்டை உருவம் ஒன்றாகிறதா பாருங்கள். பிறகு ஒரு மீட்டரில் அளவுகோலைச் சாய்த்து வைத்து, ஸ்டாண்டில், முழுதாகத் திறந்து மூன்று படம், f/8-இல் ஒன்று. மூன்று மீட்டரிலும் அப்படியே. ஃபோகஸ் செய்த கோட்டுக்கு முன்னாலோ பின்னாலோ கூர்மை விழுந்தால், உங்கள் பழைய லென்ஸிலும் அதே பிழை உண்டா என்று பாருங்கள். இரண்டிலும் இருந்தால் சரிசெய்ய வேண்டியது கேமரா. புதியதில் மட்டும் என்றால் லென்ஸ்.

உறைபனிக் காலையில் பழைய கிரீஸ் இறுகும். திருகு மவுண்டில் இறுகிய ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது லென்ஸே உடம்பிலிருந்து கழல ஆரம்பிக்கும். உடம்போடு சேரும் விளிம்பை இன்னொரு கையால் பிடித்துத் திருப்புங்கள்.

துணி ஷட்டர் உள்ள லைக்கா, ஃபெட், ஜோர்க்கியில் மூடி இல்லாத லென்ஸைச் சூரியன் பக்கம் வைத்துவிட்டுப் போகாதீர்கள். எஸ்.எல்.ஆர். போல நடுவில் மறைக்கும் கண்ணாடித் தட்டு இல்லாததால் ஷட்டர் துணியில் சில நொடிகளில் பொத்தல் விழும். கேனன் பி, பெஸ்ஸா போன்ற உலோக ஷட்டருக்கு அந்தப் பயம் குறைவு. மூடி போட முடியாத நேரத்தில் அப்பர்ச்சரை f/16-க்கும், ஃபோகஸை ஒரு மீட்டருக்கும் கொண்டுவந்து வையுங்கள்.

மேட்டுப்பாளையம் இறங்கும்போது குளிர்ந்த லென்ஸ்மேல் கீழ்க்காற்றின் ஈரம் உடனே படியும். ஊட்டியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, இறங்கியபின் முக்கால் மணி நேரம் கழித்துத் திறவுங்கள்.