தலையைச் சுற்றாமல் மூக்கைத் தொடுவது

"செருப்பு சைஸ் மாறியிருக்கா? மோதிரம் கழற்ற வருதா? பத்து வருஷத்துக்கு முந்தின போட்டோ ஏதாவது கையில் இருக்கா?"

மூளை அறுவை சிகிச்சை நிபுணர் இப்படிக் கேட்டால், தவறான அறைக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். அவர் தேடுவது பிட்யூட்டரி கட்டியின் தடயத்தை. அந்தச் சுரப்பியில் வளரும் சில கட்டிகள் வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும். வளர்ந்து முடித்தவர்களுக்கு அதனால் உயரம் கூடாது. கை, பாதம், தாடை, மூக்கு மட்டும் வருஷக்கணக்கில் மெல்லப் பெருக்கும். அக்ரோமெகலி என்று பெயர். தினமும் முகம் பார்க்கிற வீட்டாருக்கு இது தெரியாது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் 'தலைமைச் சுரப்பி' என்று படித்தோமே, அதுதான் இது. தலைமை என்றாலும் பட்டாணி அளவு, அரை கிராம் எடை. இருக்கிற இடம்தான் வில்லங்கம். தலையின் நட்டநடுவில், மூளைக்கு அடியில், குதிரைச் சேணம் போலக் குழிந்த ஓர் எலும்புப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகள். அவற்றுக்கு நடுவே கிடைக்கும் இடம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர்தான். மேலே, இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடம். கட்டி மேல்நோக்கி வளர்ந்து அந்தச் சந்திப்பை அழுத்தினால், இரண்டு கண்களிலும் பார்வையின் வெளி ஓரங்கள் இருளும். எதிரே வருகிற பஸ் தெரியும். பக்கத்தில் உரசிப்போகும் பைக் தெரியாது.

இந்த இடத்துக்கு மேலிருந்து போவதென்றால் மண்டை ஓட்டைத் திறந்து, மூளையைச் சற்றே ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் கீழே பார்த்தால் கதை வேறு. அந்தச் சேணத்துக்கு நேர் அடியில் இருப்பது ஸ்பீனாய்டு சைனஸ், அதாவது வெறும் காற்று நிரம்பிய எலும்பு அறை. அதன் வாசல் மூக்கின் பின்கோடியில், நாசித் துவாரத்திலிருந்து சுமார் 7 சென்டிமீட்டர் தூரத்தில் திறக்கிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று கிண்டலாகச் சொல்வோம். இங்கே அதை நேராகவே தொடலாம்.

மூக்கு வழி உள்ளே போகலாம் என்பது பழைய எகிப்தியருக்கே தெரியும். மம்மி செய்யும்போது மூளையை அந்த வழியாகத்தான் கொக்கி போட்டு எடுத்தார்கள். உயிரோடு இருப்பவரிடம் முயன்றது 1907இல், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில், ஹெர்மன் ஷ்லோஃபர். அவர் மூக்கை வெளியே வெட்டித் திறந்துதான் உள்ளே போனார். வியன்னாவில் காது மூக்கு தொண்டை மருத்துவரான ஆஸ்கர் ஹிர்ஷ் 1910இல் முகத்தில் கத்தி படாமல், நாசிக்குள்ளேயே, இடத்தை மட்டும் மரக்கச் செய்து இதைச் செய்தார். அமெரிக்காவில் மூளை அறுவையின் முன்னோடியான ஹார்வி குஷிங் மேல் உதட்டுக்கு அடியில் கீறி, 1910 முதல் 1925 வரை 231 பேருக்கு இந்த வழியில் அறுவை செய்தார். அப்புறம் அவரே கைவிட்டார். குறுகிய குழிக்குள் வெளிச்சம் போதவில்லை, தொற்று வந்தால் கொடுக்க ஆன்டிபயாட்டிக் இல்லை. பெரியவர் விட்டதும் பெரும்பாலோர் விட்டார்கள்.

ஆனால் அவரிடம் கற்ற ஸ்காட்லாந்துக்காரர் நார்மன் டாட் எடின்பரோவில் விடாமல் செய்துகொண்டிருந்தார். அவரிடமிருந்து பாரிஸின் ஜெரார் கியோ. கியோவிடமிருந்து மான்ட்ரியாலின் ஜூல் ஹார்டி. ஹார்டி 1960களில் அறுவை மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்ததும்தான் இந்த வழிக்கு மறுவாழ்வு. கைமாற்றிக் கைமாற்றி ஒரு வித்தை பிழைத்த கதை இது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிட்யூட்டரி கட்டியால் வரும் இன்னொரு நோய்க்குக் குஷிங்கின் பெயரே வைத்திருக்கிறார்கள். அதற்கு இன்று முதல் சிகிச்சை, அவர் கைவிட்ட அதே அறுவைதான்.

மைக்ராஸ்கோப்பிலும் ஒரு குறை இருந்தது. அது கிணற்று மேட்டில் நின்று டார்ச் அடிப்பது மாதிரி. நேர் கீழே தெரியும், சுவரின் பொந்துகள் தெரியாது. டார்ச்சோடு கிணற்றுக்குள்ளேயே இறங்கினால்? அதுதான் எண்டோஸ்கோப். 4 மில்லிமீட்டர் தடிமனில் ஓர் உலோகக் குழல். ஹரோல்ட் ஹாப்கின்ஸ் என்ற இயற்பியலாளர் யோசித்த தந்திரம் இதில் இருக்கிறது. பழைய குழல்களில் நீளம் முழுக்கக் காற்று, நடுநடுவே சின்னச் சின்ன லென்ஸ். அவர் அதைத் தலைகீழாக்கினார்: குழல் முழுக்க நீளமான கண்ணாடித் தண்டுகள், நடுவில் விடும் காற்று இடைவெளிகளே லென்ஸ் வேலை பார்க்கும். படம் பல மடங்கு பிரகாசமானது. நுனியைச் சாய்வாக வெட்டிய குழல்களில் மூலை திரும்பியும் பார்க்கலாம். 1990களில் முழு அறுவையையும் எண்டோஸ்கோப்பை மட்டும் வைத்தே செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

தியேட்டருக்குள் போனால் நாலு கைகள். காது மூக்கு தொண்டை நிபுணர் ஒரு நாசியில் எண்டோஸ்கோப்பைப் பிடித்துக்கொள்வார். மூளை நிபுணரின் இரண்டு கைகளும் வேலைக்கு. மூக்கின் நடுச்சுவரில் பின்பகுதியைக் கொஞ்சம் எடுத்து, இரு நாசிகளையும் ஒரே வழியாக்குகிறார்கள். சைனஸுக்குள்ளே மெல்லிய எலும்புத் தடுப்புகள் இருக்கும். அவற்றைப் பிடித்துத் திருகக் கூடாது, கடித்து எடுக்கும் கருவியால்தான் எடுக்க வேண்டும். ஏனென்றால் தடுப்பின் மறுமுனை பல சமயம் கரோட்டிட் தமனியின் மேலிருக்கும் எலும்பில் போய் முடிகிறது. திருகினால் அங்கே விரியும். அதன் பிறகு நடப்பதை எந்த மருத்துவரும் வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பார்க்க விரும்பமாட்டார்.

பள்ளத்தின் அடி எலும்பைத் தேய்த்து எடுத்து, மூளையுறையைக் கீறினால், பெரும்பாலும் கட்டி தானே பிதுங்கும். சாம்பல் நிறம், கொழகொழவென்று இருக்கும். நல்ல சுரப்பி அதைவிட மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். வளையக் கரண்டியால் வழிப்பதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் அடிப்பகுதியும் பின்பகுதியும், அப்புறம் பக்கங்கள், மேல்பகுதி கடைசி. மேலே இருப்பதை முதலில் எடுத்தால், கட்டி இத்தனை நாள் தூக்கிப் பிடித்திருந்த மெல்லிய சவ்வு கூடாரத் துணி போலத் தொங்கி இறங்கி, மிச்சக் கட்டியை மறைத்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு அது இறங்கினால் நல்ல சகுனம். நாடித்துடிப்புக்கு ஏற்ப அது அசைவது திரையில் தெரியும்.

அந்தச் சவ்வுக்கு அந்தப்பக்கம் மூளைத் தண்டுவட நீர். உடல் அதை ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் தயாரிக்கிறது. சவ்வு கிழிந்தால் நீர் மூக்கில் ஒழுகும். ஒழுகுகிற வழியே கிருமி ஏறினால் மூளைக்காய்ச்சல். மண்டை ஓட்டைத் திறந்தால் எடுத்த எலும்பை மூடி போலத் திருப்பி வைக்கலாம். இங்கே மூடி கிடையாது, புவியீர்ப்பும் எதிரி. இந்த அறுவையில் கட்டியை எடுப்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அசல் சாமர்த்தியம் ஓட்டையை அடைப்பதில்தான். சின்னக் கசிவென்றால் தொடையிலிருந்தோ வயிற்றிலிருந்தோ கொஞ்சம் கொழுப்பை எடுத்து அடைத்துவிடலாம். பெரிய ஓட்டைக்கு அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரைச் சேர்ந்த ஹதாத், பசகாஸ்டெகி என்ற இரு மருத்துவர்கள் வழி கண்டார்கள், 2006இல் வெளியானது. மூக்கின் நடுச்சுவரில் உள்ள ஈரச்சவ்வைப் பட்டையாக உரித்து, ஒரு முனையை மட்டும் அதன் ரத்தக்குழாயோடு விட்டுவிட்டு, மறுமுனையைத் திருப்பி ஓட்டையின் மேல் படரவிடுவது. பதியன் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலே வளைத்து மண்ணில் பதிக்கிறோம். அதனால் வாடாமல் வேர் பிடிக்கிறது. உயிருள்ள ஒட்டு என்பதால் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு கசிவு வெகுவாகக் குறைந்தது, அதுவரை தொடத் தயங்கிய கட்டிகளுக்கும் மூக்கு வழி திறந்தது.

'தழும்பில்லா மூளை ஆபரேஷன்' என்று விளம்பரப் பலகை வைப்பவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. வெளியே தழும்பு இல்லை என்பது உண்மைதான். உள்ளே ஆபத்து சின்னதாகிவிடவில்லை. எல்லாக் கட்டிக்கும் இந்த வழி சரிப்படவும் செய்யாது. தமனியைத் தாண்டிப் பக்கவாட்டில் பரவியதை இங்கிருந்து எட்டுவது கடினம். பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினைச் சுரக்கும் கட்டிகளோ பெரும்பாலும் கத்தியே இல்லாமல் மாத்திரையில் சுருங்கிவிடும்.

அறுவை முடிந்தவருக்கு வரும் கட்டளைகள் கேட்க அற்பமாக இருக்கும். சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முக்கக் கூடாது. குனிந்தால் மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினாலோ, தொண்டையில் உப்புக் கரித்தாலோ உடனே சொல்ல வேண்டும். குடித்த தண்ணீருக்கும் போன சிறுநீருக்கும் கணக்கு எழுத வேண்டும். உடம்பின் நீரைக் காக்கும் ஹார்மோன் வெளியாவதும் பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்துதான், அது சில நாள் முரண்டு பிடிக்கலாம்.

அக்ரோமெகலிக்காரருக்குக் கட்டி முழுசாகப் போயிருந்தால், சில நாட்களிலேயே விரல்களின் வீக்கம் வடியத் தொடங்கும். கழற்ற வராத மோதிரம் தளரும். வளர்ந்துவிட்ட எலும்பு திரும்பிச் சுருங்காது; செருப்பு சைஸ் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.