பஸ் டிரைவரின் இடுப்புச் சுற்றளவு

"உடல்நலக் கணக்கெடுப்புகளில் மூட்டை தூக்குகிறவர்களைவிட வாட்ச்மேன்கள் அதிகம் முதுகுவலி சொல்கிறார்கள் என்றால், உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்தா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் அட்டவணையில் யார் யார் இல்லை என்று பார்க்க வேண்டும்.

வயது வித்தியாசம் சுலபமான சிக்கல். வாட்ச்மேன்களில் வயதானவர்கள் அதிகம். ஒரே வயதுக்காரர்களை ஒப்பிட்டால் அது தீர்ந்துவிடும். தீராத சிக்கல் இன்னொன்று. மூட்டை தூக்கி முதுகு போனவர் இன்று மூட்டை தூக்குவதில்லை. ஏதோ ஓர் அடுக்குமாடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டால் "வாட்ச்மேன்" என்கிறார். மூட்டை கொடுத்த வலி காவல் வேலையின் கணக்கில் ஏறுகிறது. சுமை தூக்கும் வேலையிலோ தாக்குப்பிடித்தவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். ஒரே ஆள் இடம் மாறியதில் இரண்டு வரிசையும் பொய் சொல்கின்றன!

இங்கிலாந்தில் தொழில்வாரி இறப்புக் கணக்கை ஆராய்ந்த வில்லியம் ஓகிள் 1885லேயே இதை எழுதிவிட்டார். கடின வேலைகள் பலவீனரை உள்ளே விடுவதில்லை, உள்ளே பலவீனமானவரை வெளியே தள்ளுகின்றன என்றார்.

அந்த உள்ளே வரும் வாசலைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு லண்டன் பஸ்களில் நடந்தது. மாடி பஸ்ஸில் நாள் முழுக்கப் படியேறி இறங்கும் கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று மருத்துவ ஆராய்ச்சியாளர் ஜெர்ரி மோரிஸின் குழு 1953ல் வெளியிட்டது. உடற்பயிற்சி ஆராய்ச்சிக்கே அடித்தளம் போட்ட முடிவு அது. மோரிஸ் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்கே வருகிறார்களோ? பழைய எடைக் குறிப்புக்கு எங்கே போவது? போக்குவரத்து நிர்வாகம் சீருடை தைக்க வைத்திருந்த அளவுகளை எடுத்தார்கள். 1956ல் வந்த கட்டுரையில் விடை இருந்தது: இளம் டிரைவர்களின் கால்சட்டை இடுப்பே கண்டக்டர்களுடையதைவிட அகலம். தையல் அளவை வைத்து மருத்துவ ஆராய்ச்சி செய்யலாம் என்று தோன்றிய அந்த மூளையை என்னவென்று சொல்வது! பிறகு ஒரே உடல்வாகு உள்ளவர்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒல்லியோ பருமனோ, கண்டக்டர்களுக்கே மாரடைப்பு குறைவு. படிக்கட்டின் பங்கு பிழைத்தது, முன்பு நினைத்த அளவுக்கு இல்லாவிட்டாலும்.

வெளியே போகும் வாசலை அடைக்க வழி, ஆட்களை விடாமல் பின்தொடர்வது. 1967ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, 17,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் ஆண் அரசு ஊழியர்களை அப்போதிருந்த பதவியோடு குறித்துக்கொண்டது. அதன்பின் வேலையை விட்டாலும் ஓய்வு பெற்றாலும் அவர்கள் கணக்கில் இருந்தார்கள். இதயநோயால் இறந்தவர்களின் விகிதம், உயரதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடம் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது.

இத்தகைய ஆய்வுக்குப் பல ஆண்டுகள் பணம் வேண்டும். ஒருநாள் கேட்டு மறுமாதம் அறிக்கை போடும் கணக்கெடுப்புக்குக் கிடைக்கும் நிதி இதற்குக் கிடைப்பது அபூர்வம். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. குறைந்தபட்சம் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம், காகிதச் செலவு மட்டும்தான்: "இதற்குமுன் நெடுநாள் என்ன வேலை பார்த்தீர்கள்? அதை ஏன் விட்டீர்கள்?"