‘டென்ஷன்தான்’ என்று தள்ளிவிடக் கூடாத 140/90

ஏழாம் மாத செக்கப்பில் பிபி 144/92 என்று வந்தால், கூட வந்த மாமியார் சொல்வது: “ராத்திரி தூங்கல டாக்டர், டென்ஷன்தான்.” பாதி உண்மை. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் சில நிமிடங்களுக்கு பிபியை ஏற்றும். ஓய்ந்து உட்கார்ந்த பிறகும் இறங்காத பிபிக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

மன அழுத்தத்தில் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசாலின் கதை வேறு. கர்ப்பத்தில் அது இயல்பாகவே 2–3 மடங்கு கூடும். குழந்தையை அளவு மீறி எட்டாதபடி, நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதைச் செயலிழக்கச் செய்கிறது. தாயின் சிறுநீரகத்திலும் அதே நொதி உண்டு. அங்கே அது முடங்கினால் கார்ட்டிசால் உடம்பில் உப்பைத் தேக்கி பிபியை ஏற்றும். இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் முடக்குவது இந்த நொதியைத்தான். தினமும் அதைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறீர்களா என்று கர்ப்பிணியிடம் யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும்.

கர்ப்பத்தில் பிபி ஏறி, சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்புகளையும் பாதிக்கும் நோயான ப்ரீஎக்ளாம்ப்சியாவுக்கு வேர் பெரும்பாலும் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கருப்பையின் சுருள் தமனிகள் ஆரம்ப மாதங்களில் சரியாக விரியாவிட்டால், ரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் விடுகிறது. அவை ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. “நீ கவலைப்பட்டதால் வந்தது” என்று பெண்ணின் மேல் பழி போடுவதில் நியாயமே இல்லை.

மாடிப்படி ஏறி வந்தவுடன் பிபி பார்க்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பிபி கருவியின் பட்டையை ரவிக்கைக் கையின் மேல் சுற்றாமல் வெறும் கையில், இதய மட்டத்தில் சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை என்றால் அளவு கூடுதலாகக் காட்டும். 20 வாரத்துக்குப் பிறகு, 4 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை 140/90 தொட்டால் சிறுநீரில் ஆல்புமின் (புரதம்), ரத்தத்தில் தட்டணு, கல்லீரல், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கானது) பரிசோதனைகளை அன்றே செய்ய வேண்டும். 160/110 என்றால் 15 நிமிடத்தில் மறுபடி அளந்து, இறங்காவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயாக வேண்டும்.

முன் பிரசவத்தில் ப்ரீஎக்ளாம்ப்சியா இருந்தவர்கள் அடுத்த கர்ப்பத்தின் 12-ஆம் வாரத்திலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். 16 வாரம் தாண்டினால் பலன் குறைவு. ஏற்கெனவே பிபிக்கு எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் சாப்பிடுபவர்கள், அவை கருவுக்குக் கெடுதல் என்பதால், குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவர் சொல்படி மாற்றிக்கொள்ள வேண்டும். அவற்றுக்குப் பதிலாக லெபடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா இருக்கின்றன.

குழந்தை பிறந்ததும் பலர் பிபி மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். பிபி உச்சம் தொடுவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் 3 முதல் 6 நாளில், வீடு திரும்பிய பிறகு. மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண் முன் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி: இதில் எது வந்தாலும், பச்சை உடம்புக்காரிக்குத் தூக்கமில்லை என்று சுக்குப் பற்று போட்டுக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள்.