கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, மறுபடி நாள் தள்ளிப்போனால்

முதல் பிள்ளைக்கு நாள் தள்ளிய ஐந்தாம் நாளே மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பியவர்தான், மூன்றாவதுக்கு நான்கு மாதம் முடிந்து சுகாதார நிலையத்துக்கு வருகிறார். "மூணாவது பிள்ளை, உனக்குத் தெரியாதா?" என்று அங்கே ஒரு ஏச்சும் விழும். தெரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. களைப்பு, தலைசுற்றல், அடித்துப்போட்டது போன்ற தூக்கம், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் ஐந்து வயதுக்குள் இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கர்ப்பம் இல்லாமலே வந்துபோகிறவை. பால் கொடுக்கிறவருக்கோ மாதவிலக்கே இன்னும் திரும்பியிருக்காது. நாள் என்று ஒன்று இருந்தால்தானே தள்ளிப்போனது தெரியும்?

பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்பது பாதி உண்மை. பிள்ளைக்கு ஆறு மாதம் முடியாமல் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு ஒருமுறைகூட வந்திருக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. ஒன்று விலகினாலும் போச்சு. முட்டை முதலில் வெளிவருகிறது, மாதவிலக்கு அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். அதனால் பிரசவத்துக்குப் பின் ஒருமுறைகூடத் தலைக்கு ஊற்றாமலே அடுத்த பிள்ளை உண்டாகிவிடலாம். ஏழாம் மாதம் கூழும் இட்லியும் கொடுக்கத் தொடங்கி, இரவுப் பால் குறையும் சமயத்தில் இப்படி நடப்பது அதிகம்.

பால் கொடுப்பவர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் வேறு. மார்புக் காம்பு திடீரென்று தொடமுடியாமல் வலிப்பது, நேற்றுவரை குடித்த பிள்ளை வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்புவது, தாளிப்பு வாசனை குடலைப் புரட்டுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை முதல் சிறுநீரில் சோதித்துப் பாருங்கள். கார்டு கிராம சுகாதார செவிலியரிடம் இலவசமாகவே கிடைக்கும். மூன்று சொட்டு விட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும். கார்டில் 'டி' (T) என்று குறித்த இடத்தில் கோடு மங்கலாகத் தெரிந்தாலும் கர்ப்பம்தான். பிள்ளை அழுததென்று போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்க்கிற கோட்டை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். கோடு இல்லை, ஆனால் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள்.

கடைசி மாதவிலக்கு தேதி தெரியாதவர்களுக்கு நாள் கணக்கை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் நீளத்தை அளந்தால் ஒரு வாரத்துக்குள் கணக்கு பிடிபடும். ஆறாம் மாதத்துக்கு மேல் வந்தால் இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகலாம். தேதி தவறினால், பிறகு வளர்ச்சி குறைவா, நாள் கடந்ததா, எப்போது அறுவை என்ற ஒவ்வொரு முடிவிலும் அந்தத் தவறு கூடவே வரும்.

பீரோவில் இருக்கும் பழைய ஃபைல்

முந்தைய பிரசவம் சிசேரியன் என்றால் 11 வாரம் வரை காத்திருக்காதீர்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் வேண்டும். அபூர்வமாகக் கரு கர்ப்பப்பையின் உள்ளே போகாமல் பழைய தழும்பிலேயே ஒட்டி வளரத் தொடங்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சமாளிக்கலாம், விட்டால் கடும் ரத்தப்போக்கில் கொண்டுபோய் விடும்.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கரு தங்குவதற்கும் இடையே குறைந்தது 24 மாதம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எட்டாம் மாதத்திலேயே உண்டாகிவிட்டவர் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலானவை நல்லபடியாகவே முடிகின்றன. பிரசவம் எங்கே என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்யுங்கள். அறுவை அரங்கும் ரத்த வங்கியும் உள்ள இடமாக இருக்க வேண்டும். தழும்பு ஆறி இறுகுமுன் வலி எடுத்தால் அது பிரிந்துவிடும் வாய்ப்பு கூடுதல். சிசேரியனின் எண்ணிக்கை கூடக்கூட, நஞ்சுக்கொடி கீழே இறங்கித் தழும்பில் ஊடுருவும் ஆபத்தும் கூடுகிறது.

அதனால் முதல் பரிசோதனைக்கு வரும்போது ஆதார் அட்டையோடு பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் தேடி எடுத்து வாருங்கள். "ரெண்டும் நல்லபடியாத்தான் பிறந்துச்சு" என்ற பதிலில் முக்கால்வாசி விவரம் விட்டுப்போகிறது. ரத்தம் ஏற்றினார்களா, பிரஷர் இருந்ததா, பிள்ளையின் எடை என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் ரத்தம் நெகட்டிவ், பிள்ளைகளுடையது பாசிட்டிவ் என்றால், போன முறை 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்பது மிக முக்கியம். நெகட்டிவ் ரத்தத் தாய்க்கு முதல் பிள்ளையைவிட இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்குத்தான் சிக்கல் வரும். நடுவில் கலைந்த கருவையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

போன முறை சர்க்கரை இருந்திருந்தால் முதல் வருகையிலேயே குளுக்கோஸ் சோதனை உண்டு. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்தில் குடித்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140 அல்லது அதற்கு மேல் போனால் சர்க்கரை. மூன்று வயதையும் ஒன்றரை வயதையும் வைத்துக்கொண்டு அந்த இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காருவது லேசில்லை. பாதியில் கிளம்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். அன்றைக்கு மட்டும் பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்தச் சோதனை செல்லாது, இன்னொரு நாள்தான்.

டி.டி ஊசியில் மட்டும் ஒரு சலுகை. போன கர்ப்பத்தில் இரண்டும் போட்டு மூன்று வருடத்துக்குள் மறுபடி உண்டாகியிருந்தால் இப்போது ஒன்றே போதும்.

தட்டில் மிச்சம்

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையானது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஒரு கர்ப்பம் முழுவதற்கும் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்புச்சத்து செலவாகிறது. அடுத்தடுத்துப் பெற்றவருக்கு அந்தச் சேமிப்பு நிரம்பவே நேரம் கிடைத்திருக்காது.

மதியம் மூன்று மணிக்கு அந்த வீட்டுச் சமையலறையைப் பாருங்கள். பெரியவன் பாதி கடித்த முட்டை, சின்னவள் துப்பிய பருப்புச் சோறு, ஆறிப்போன தோசை ஓரம், எல்லாம் வீணாகக் கூடாதென்று தாயின் வாய்க்குள் போகிறது. அதற்குமேல் ஒரு டம்ளர் டீ. அதோடு அவர் சாப்பாடு முடிந்தது. இதில் இரண்டு கேடு இருக்கிறது. புரதமும் இரும்பும் உள்ள பகுதியைப் பிள்ளைகள் தின்றுவிட, தாய்க்கு மிஞ்சுவது வெறும் மாவுச்சத்து. இன்னொன்று, பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் சைட்டோமெகலோ என்ற வைரஸ் இருக்கலாம். பிள்ளைக்குச் சளிபோல வந்துபோகும் அது கருவில் உள்ளதற்குப் போனால் காது கேட்பதைப் பாதிக்கக்கூடும். எச்சில் சோறு வேண்டாம், ஒரே ஸ்பூன் வேண்டாம், முத்தத்தை உச்சந்தலையில் கொடுங்கள், மலம் கழுவியதும் ஜட்டி மாற்றியதும் 20 நொடி சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகளுக்கு ஊட்டும்போதே உங்களுக்கும் ஒரு தட்டு போட்டுக்கொள்வது இரண்டு கேட்டுக்கும் ஒரே மருந்து.

முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் மட்டும், தினம் 400 மைக்ரோகிராம். இரும்பு மாத்திரை வழக்கமாக நான்காம் மாதம் தொடங்கும். ரத்தம் ஏற்கெனவே குறைவென்றால் டாக்டர் முன்பே தருவார். போன பிரசவத்தில் மிச்சமான சிவப்பு மாத்திரையை மசக்கையோடு வெறும் வயிற்றில் போட்டு, வாந்தி எடுத்து, "எனக்கு ஒத்துக்கல" என்று ஒன்பது மாதமும் தள்ளி வைப்பது அடிக்கடி நடக்கிறது. இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் பெரும்பாலும் தாங்கும். டீ, காபி, பாலோடு வேண்டாம். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

மசக்கைக்குப் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது இந்த வீட்டில் செல்லாது. தலைமாட்டில் ஒரு டப்பாவில் பொரிகடலையோ ரஸ்கோ வைத்துக்கொண்டு, எழுவதற்குக் கால் மணி நேரம் முன்பே படுத்தபடி இரண்டு வாய் மென்றுவிடுங்கள். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். பிள்ளைகளின் காலை உணவைக் கொஞ்ச நாளைக்குத் தாளிப்பு இல்லாததாக, ஆவியில் வேகிறதாக வைத்துக்கொள்ளலாம். அடங்கவில்லை என்றால் டாக்ஸிலமின், பி6 சேர்ந்த மாத்திரை கர்ப்பத்தில் நெடுங்காலமாகத் தரப்படுவது, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் தூக்கம் வரும், அதனால் இரவில். எட்டு மணி நேரம் சிறுநீரே போகவில்லை, குடித்த தண்ணீர் நிற்கவில்லை, 50 கிலோ இருந்தவர் 47-க்கு வந்துவிட்டார் என்றால் அது மசக்கை அல்ல, குளுக்கோஸ் ஏற்ற வேண்டிய நோய்.

தூக்கலாமா, பால் கொடுக்கலாமா

12 வாரம் வரை கர்ப்பப்பை இடுப்பெலும்புக்குள் பத்திரமாக இருக்கிறது. பிள்ளை வயிற்றில் ஏறி மிதித்தாலும், தூக்கத்தில் உதைத்தாலும் கருவுக்கு ஒன்றும் ஆகாது. பத்துப் பன்னிரண்டு கிலோ பிள்ளையைத் தூக்கியதால் கரு கலைந்தது என்று மாமியார் சொல்வதும், அதைக் கேட்டு அந்தப் பெண் வருடக்கணக்கில் தன்னையே நொந்துகொள்வதும் வீண். ஆரம்பத்தில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதி, கரு உருவானபோதே குரோமோசோம் கோளாறோடு உருவானவை. தூக்குவதால் கெடுவது உங்கள் முதுகு. குனிந்து அள்ளாதீர்கள், உட்கார்ந்து பிள்ளையை மடியில் ஏறவிட்டுப் பிறகு எழுந்திருங்கள். எப்போதும் ஒரே இடுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கர்ப்பிணியின் பால் கெட்டுவிடும் என்று ஐந்தாம் வாரமே மார்பில் வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடிக்கிறார்கள். பால் கெடுவதில்லை. நான்கு, ஐந்தாம் மாதத்தில் அளவு குறையும், சுவை மாறும், சில பிள்ளைகள் தாமாகவே விட்டுவிடும். அடுத்த பிள்ளை உண்டானதால் தாய்ப்பால் இழந்து மெலிந்த பிள்ளைக்குச் சவலை என்று நம்மிடம் ஒரு சொல்லே உண்டு. கானா நாட்டின் கா மொழியில் ஏறக்குறைய இதே பொருளில் இருந்த குவாஷியோர்கர் என்ற சொல்லைத்தான் 1930-களில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தார். இரண்டு ஊரிலும் குற்றம் பாலில் இல்லை, நின்ற பாலுக்கு ஈடாக முட்டையும் பருப்பும் கொடுக்காததில்தான். மூத்ததை மாதம் ஒருமுறை பால்வாடியில் எடை போடுங்கள். இரண்டு மாதம் எடை ஏறாமல் நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள். முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவரும், இப்போது ரத்தக்கசிவு உள்ளவரும் மட்டும் டாக்டரிடம் கேட்ட பிறகே பால் கொடுப்பதைத் தொடர வேண்டும். பிள்ளைக்கு ஒன்பதாம் மாத எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி போட்டால் கர்ப்பிணித் தாய்க்கு ஒன்றும் வராது, தள்ளிப்போடாதீர்கள். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டு, உங்களுக்கு இதுவரை அம்மை வந்ததே இல்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

ரத்தக்கசிவு, ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். காப்பர்-டி போட்டிருந்தாலும், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருந்தாலும் அதை மீறிக் கரு தங்கினால் கருக்குழாயில் தங்கும் வாய்ப்பு அதிகம். குழாய் வெடித்தால் உயிருக்கு ஆபத்து. இந்தப் பெண்கள் தாமதமாக வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், "புள்ளைங்கள யாருகிட்ட விட்டுட்டு வர்றது?" நள்ளிரவில் கதவைத் தட்டினால் வந்து படுத்துக்கொள்ளும் இரண்டு பேரின் எண்களை 108-க்குப் பக்கத்தில் சுவரில் எழுதி வையுங்கள்.

இந்தக் கர்ப்பம் வேண்டாம் என்று தோன்றினால் அதையும் சீக்கிரம் சொல்வது நல்லது. 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் 2021 திருத்தமும் கருத்தடை பலிக்காமல் போனதை ஒரு காரணமாக ஏற்கின்றன. 18 வயது நிரம்பியவருக்குத் தன் கையெழுத்து போதும், கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. மாத்திரையில் முடிப்பது 9 வாரம் வரைதான். மருந்துக்கடையில் தெரிந்தவர் மூலம் வாங்கி வீட்டில் போடுவது, சிசேரியன் தழும்பும் ரத்தசோகையும் உள்ளவர் செய்யவே கூடாதது. கரு குழாயில் இருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது, ரத்தம் வந்ததை வைத்துக் கலைந்துவிட்டது என்று நம்பி இருந்துவிடுவார்கள்.

வைத்துக்கொள்வதென்றால் பிக்மி எண், அதாவது தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் தரும் எண், வாங்குங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான், அதனால் மூன்றாவதுக்குப் பதிவே வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்கள். பணம் வராவிட்டாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். 102-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள். வேலைக்குப் போகிறவருக்கு மத்தியச் சட்டப்படி 26 வார விடுப்பு இரண்டு பிள்ளை வரைதான், ஏற்கெனவே இரண்டு இருந்தால் 12 வாரம்.

இதற்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் முதல் வருகையிலேயே பேசலாம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி போட முடியும், ஆனால் வலியில் துடிக்கும்போது கேட்டு வாங்குகிற சம்மதம் சம்மதமே இல்லை. கணவருக்கான தழும்பில்லாத வாசக்டமி என்ற கருத்தடை அறுவைக்குப் பிரசவம்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சிறிய அறுவை, அன்றே வீட்டுக்குப் போகலாம், அதன்பின் மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை. மனைவிக்கு நான்காம் மாதம் நடக்கும்போது அவர் செய்துகொண்டால், பிள்ளை பிறப்பதற்குள் பரிசோதனை முடிவும் கையில் இருக்கும்.