வைஃபை வரவில்லை என்று காவலை எடுத்துவிடாதீர்கள்

"பாஸ்வேர்ட் சரிதான் சார், பத்து தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்" என்றபடி ஒருவர் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஃபெடோரா லினக்ஸ் இயங்குதளம். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் உடனே இணைகிறது. அலுவலக வைஃபை மட்டும் சுற்றிச் சுற்றி, மறுபடியும் பாஸ்வேர்ட் கேட்கிறது. நண்பர் சொன்னாராம், "எஸ்இலினக்ஸை அணைத்துவிடு" என்று. அணைத்ததும் இணைந்துவிட்டது. ஆனால் எதை அணைத்தோம் என்று தெரியாமல் மனம் உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தலோடு அவர் வந்தது எனக்கு மகிழ்ச்சி. நிறையப் பேர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

எஸ்இலினக்ஸ் என்பது லினக்ஸுக்குள் இருக்கும் ஒரு பாதுகாப்புக் காவல். அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகமை உருவாக்கி 2000-ல் வெளியிட்டது. 2003-ல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்தது. வழக்கமான அனுமதி முறை 'நீ யார்' என்று மட்டும் பார்க்கும். இது எந்த நிரல், எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள் உண்டு. லேபிள்கள் பொருந்தாவிட்டால், எல்லா உரிமையும் உள்ள நிர்வாகியான ரூட் ஆனாலும் உள்ளே விடாது.

வைஃபை சேவைக்கு இந்தக் கட்டுப்பாடு ஏன்? இணைப்பு வேலையைச் செய்யும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் பெரும்பாலும் ரூட் உரிமையோடு ஓடுகிறது. காற்றில் வரும் தரவுப் பொட்டலங்களை வாங்கிப் படிப்பதுதான் அதன் வேலை. அந்தப் பொட்டலத்தைப் பக்கத்து அறையில் இருக்கும் முகம் தெரியாதவரும் அனுப்பலாம். 2021-ல் அதன் வைஃபை டைரக்ட் (கருவிகள் நேரடியாக ஒன்றோடொன்று இணையும் வசதி) பகுதியில் தெரியவந்த ஓட்டை அந்த வகைதான். இப்படி ஒரு ஓட்டை வழியாக எவராவது நுழைந்தாலும், வீட்டுக் கோப்புறையில் கை வைக்கவிடாமல் தடுப்பது எஸ்இலினக்ஸின் கொள்கைதான், அதாவது எந்த லேபிள் எதைத் தொடலாம் என்ற விதிகளின் தொகுப்பு.

சரி, இவருக்கு என்ன ஆனது? மறுப்புகளைக் குறித்துவைக்கும் ஆடிட் பதிவைத் திறந்தோம். ஒரே வரியில் எல்லாம் இருந்தது: மறுக்கப்பட்டது, படித்தல், கேட்டது சப்ளிகன்ட், கோப்பு, அலுவலக வைஃபையில் இணைய அலுவலகம் கொடுத்த சான்றிதழ். அதை அவர் டவுன்லோட்ஸ் கோப்புறையிலேயே வைத்திருந்தார். அங்கே இருப்பதற்கெல்லாம் சாதாரண வீட்டுக் கோப்பு என்ற லேபிள். அதைச் சப்ளிகன்ட் படிக்கக் கூடாது.

வீட்டுக் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் 'செர்ட்' என்ற கோப்புறையை உருவாக்கி, சான்றிதழை அங்கே நகர்த்தினோம். இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வரும். இடத்துக்கு ஏற்ற லேபிளை ஒட்டும் ரெஸ்டோர்கான் கட்டளையை ஓட்டினால்தான் சான்றிதழுக்குரிய லேபிள் ஒட்டும். அப்புறம் வைஃபை அமைப்பில் புதிய இடத்தைக் காட்டி, காவலை மறுபடி போட்டோம். இணைந்தது.

ஆடிட்டூஅலவ் என்ற கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறுப்பு வரியைக் கொடுத்தால் அனுமதி விதி எழுதித் தரும். இந்த வரியைக் கொடுத்திருந்தால், அந்த லேபிள் உள்ள உங்கள் வீட்டுக் கோப்புகள் அத்தனையையும் சப்ளிகன்ட் படிக்கலாம் என்று விதி வந்திருக்கும். படித்துப் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

சோதிக்க வேண்டுமானால் சிறிது நேரம் பெர்மிஸிவ் நிலைக்கு மாற்றுங்கள். தடுக்காது, பதிவு மட்டும் செய்யும். அப்போதும் வைஃபை வரவில்லையா, கோளாறு வேறிடத்தில், வைஃபை வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் பாருங்கள். நிரந்தரமாக அணைத்தால் அதன் பிறகு உருவாகும் கோப்புகளுக்கு லேபிளே இருக்காது. திரும்பப் போடும்போது வட்டு முழுக்க லேபிள் ஒட்ட வேண்டிவரும்.

லேபிள் சரியாக இருந்தும் மறுப்பு வருகிறதென்றால், கொள்கையிலேயே பிழை இருக்கலாம். அந்தப் பதிவு வரியை அப்படியே எடுத்து உங்கள் லினக்ஸ் வெளியீட்டாளர்களுக்குப் பிழை அறிக்கையாக அனுப்புங்கள்.