மூச்சை எண்ணிவிட்டுப் பாயுங்கள்

கொழிஞ்சாம்பாறையில் கட்டப் பலகையில் கறுப்பு, வெள்ளைக் கற்கள் வைத்து ஆடும் கோ ஆட்டத்தை நான் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு வேலந்தாவளம் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பள்ளியில் தமிழ் படிப்பவரோ மலையாளம் படிப்பவரோ, தோற்கும் விதம் ஒன்றுதான். இரண்டு கற்கூட்டங்கள் ஒன்றையொன்று பிடிக்கப் பாயும்போது மூச்சை எண்ணுவதில்லை. எண்ணினாலும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

“நாலுக்கு நாலு சார், என் முறை, நான்தான் ஜெயிப்பேன்” என்றான் ஒரு மாணவன். அவனுடைய கறுப்புக் கூட்டத்துக்கு வெளியே நான்கு மூச்சு, அதாவது ஒட்டியிருக்கும் காலிப் புள்ளிகள் நான்கு; எல்லாம் அடைபட்டால் கூட்டம் பிடிபடும். வெள்ளைக்கு வெளியே ஒன்றுமில்லை. உள்ளே சதுரமாக நான்கு புள்ளிகள் கொண்ட கண், அதாவது தன் கற்களே சூழ்ந்த காலியிடம், மட்டும். அதை நான்கு என்று எண்ணியதுதான் கோளாறு. கறுப்பு உள்ளே மூன்று கற்கள் வைத்ததும் வெள்ளை அவற்றை எடுத்துவிடும். மறுபடி மூன்று புள்ளிகள் திறக்கும். கறுப்புக்கு ஆறு கற்கள் செலவு, வெள்ளைக்கு ஒன்று. ஆக அந்தக் கண்ணுக்கு ஐந்து மூச்சு. ஐந்து புள்ளிக் கண்ணுக்கு எட்டு, ஆறுக்கு பன்னிரண்டு. உள்ளே ஏற்கெனவே எதிராளியின் கல் இருந்தால் கல்லுக்கு ஒன்று கழியுங்கள். இதை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்வதில் தவறே இல்லை.

இரண்டு கூட்டங்களையும் ஒட்டியிருக்கும் பொது மூச்சை அவசரப்பட்டு அடைக்காதீர்கள். வெளி மூச்சுதான் முதலில். ஒருவருக்குக் கண் இருந்து மற்றவருக்கு இல்லையென்றால், பொது மூச்சு முழுவதும் கண் உள்ளவர் கணக்கில் சேரும்.

“செல்போனில் மென்பொருள் சொல்லிவிடுமே” என்று பெற்றோர் கேட்கிறார்கள். 2023இல் அமெரிக்க அமெச்சூர் ஆட்டக்காரர் கெல்லின் பெல்ரின், கோ ஆடும் கட்டாகோ மென்பொருளை 15 ஆட்டங்களில் 14இல் வென்றார். வளையமாக நின்ற தன் பெரிய கூட்டம் பிடிபடப் போவதை அது உணரவில்லை.

ஒரே கல்லை மாறி மாறிப் பிடிக்கும் மீள்பிடி நடுவில் வந்துவிட்டால் பலருக்கும் கை பரபரக்கும். மற்ற மூச்சுகளை அடைத்த பிறகே அதைத் தொடுங்கள்; கடைசியாகப் பிடித்தால், மிரட்டல் தேடும் பாடு எதிராளிக்கு. உடனே திருப்பிப் பிடிக்க விதி இடம் தராது; முதலில் வேறிடத்தில் நீங்கள் பதில் சொல்லியே ஆகவேண்டிய கல் ஒன்றை அவர் வைக்க வேண்டும், அதுதான் மிரட்டல்.

முப்பது புள்ளி மதிப்புள்ள சண்டைக்குப் பத்துப் புள்ளி மதிப்புள்ள மிரட்டல் மிரட்டலே ஆகாது. எதிராளி கண்டுகொள்ளாமல் மீள்பிடியை முடித்துவிடுவார். சும்மா ஒரு கல்லைச் சீண்டிப் பார்ப்பதும் உங்கள் மிரட்டல் இருப்பைக் கரைக்கும். மிரட்டல் குறைவாக இருந்தாலும், மீள்பிடியில் தோற்கும் பட்சத்தில் வேறிடத்தில் அடுத்தடுத்து இரண்டு கற்கள் வைக்கக் கிடைக்கும். அவை எங்கே விழ வேண்டும் என்பதை மீள்பிடி தொடங்கும் முன்பே பார்த்து வையுங்கள்.